சராசரிகளின் சராசரி ஏன் சராசரி இல்லை?

சில மாசங்களுக்கு முன்னாடி நான் எழுதின ஒரு ப்ரோகிராம் நெகடிவ் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கப் பார்த்து முழிச்சது. பல மெஷின்களில் பிரிந்து கிடந்த லாக் ஃபைல்களிலிருந்து, ஒரே நிமிஷத்தில் வந்த நிகழ்வுகளின் நேரத்துக்குத் திட்ட விலக்கம் கணக்கிட வேண்டும். அவ்வளவுதான். பள்ளியில் படித்த சூத்திரத்தையே போட்டேன்: வர்க்கங்களின் சராசரியில் இருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி.

தப்பு எங்கே? 1970-லிருந்து எண்ணும் மில்லிசெகண்ட் இப்போது சுமார் 1.7 லட்சம் கோடி. அதன் வர்க்கத்தை 64 பிட் தசம எண்ணாக வைத்தால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 53 கோடிக்கு மேல் இடைவெளி. ஒரு நிமிஷத்துக்குள் சீராகப் பரவிய நேரங்களின் விலக்க வர்க்கச் சராசரியோ வெறும் 30 கோடி. லாரி எடை போடும் மேடையில் தங்கத்தை நிறுத்த கதைதான்.

சரி, ஒவ்வொரு மெஷினும் தன் விடையைச் சொல்லட்டும், கடைசியில் சராசரி எடுத்துக்கலாமே? அதுவும் ஆகாது. ஒரு மெஷினில் 2 கோரிக்கை, சராசரி 100. இன்னொன்றில் 8 கோரிக்கை, சராசரி 50. இரண்டுக்கும் நடுவில் 75 வரும். உண்மை விடை 60. எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டதும் விடையும் போச்சு.

ஆகவே மெஷின்கள் அனுப்ப வேண்டியது விடையை அல்ல, விடைக்கு முந்தின நிலையை. திட்ட விலக்கத்துக்கு மூன்று எண் போதும்: எண்ணிக்கை, சராசரி, சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூட்டல். ஒவ்வொரு மதிப்பாகச் சேர்க்கும் வழியை வெல்ஃபோர்ட் 1962-ல் கொடுத்தார். இரண்டு நிலைகளை இணைக்கும் வழியை சான், கோலப், லவீக் மூவரும் 1979-ல் எழுதினார்கள். இணைப்பது இப்படி: இரண்டு வர்க்கக் கூட்டலையும் கூட்டு. சராசரிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, இரண்டு எண்ணிக்கைகளாலும் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்து, அதையும் சேர். ராட்சத வர்க்கங்கள் எங்கேயும் வராது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அச்சு: எந்தப் புள்ளியியல் கூறுக்கும் நான்கு செயல்கள். வெற்று நிலை, ஒன்றைச் சேர், இரண்டை இணை, விடை சொல். இதற்குள் அடங்கினால் அதே கோடு இரவு நேர பேட்ச் வேலைக்கும் ஆகும், ஓடும் ஸ்ட்ரீமுக்கும் ஆகும். தினசரி நிலைகளைச் சேமித்து வைத்தால் மாசக் கணக்குக்குப் பழைய லாக்கைத் திரும்பப் படிக்க வேண்டாம்.

எல்லாமே அடங்காது. இடைநிலை அளவைச் சின்ன நிலையை வைத்துக்கொண்டு துல்லியமாக இணைக்க முடியாது. அங்கே டி-டைஜஸ்ட் மாதிரி தோராயத்துக்கு இறங்கணும்.

இப்போ எந்தக் கூறு எழுதினாலும் ஒரு சோதனை கட்டாயம். அதே டேட்டாவை 1, 7, 100 துண்டுகளாக வெட்டி, நடுவில் சில காலித் துண்டுகளையும் செருகி, வரிசையைக் கலைத்து இணைக்கிறேன். கடைசி சில தசம இலக்கங்கள் தவிர விடை மாறக் கூடாது. காலித் துண்டில் பூஜ்யத்தால் வகுத்து மாட்டிக்கிறது முதல் ஓட்டத்திலேயே தெரிஞ்சிடும். இந்தச் சோதனை அன்னைக்கே இருந்திருந்தா, தப்பான ரிப்போர்ட்டை ரெண்டு வாரம் அனுப்பிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.