மழைச் சராசரியும் மணி வளைவும்

பெங்களூரின் குழாய் நீருக்குக் குடகு மலையில் பெய்யும் மழையே பேராதாரம். 1974 முதல் இந்நகரம் காவிரி நீரைப் பருகி வருகிறது. ஆதலால், ஆனி பிறந்ததும் "இவ்வாண்டு மழை எப்படி?" என்று நாம் ஒருவரையொருவர் வினவுவது வெறும் உபசார வார்த்தையன்று. இவ்வினாவுக்கு உறுதியான விடை கூறுதல் அரிது. ஆயினும், நூற்றுக்கு எத்தனை ஆண்டுகள் மழை குறையும் என்பதைக் கணிதம் கூறும். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையின் நீண்டகாலச் சராசரி 87 சென்டிமீட்டர். 1971 முதல் 2020 வரையிலான கணக்கு இது. ஆனால் மழை சராசரிக்குக் கட்டுப்பட்டுப் பெய்வதில்லை. ஓராண்டு மிகும், ஓராண்டு குறையும். இந்த ஏற்றத்தாழ்வை அளக்கும் கோலுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். நாட்டின் பருவ மழைக்கு அது சராசரியில் ஏறத்தாழப் பத்து சதவிகிதம்.

பல ஆண்டுகளின் மழையளவுகளைத் தொகுத்து வரைந்தால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி போன்ற வளைவு தோன்றும். இதுவே இயல்நிலைப் பரவல். பல சிறு காரணங்கள் கூடி விளைவிக்கும் அளவுகள் பெரும்பாலும் இவ்வடிவையே கொள்கின்றன. இதன் விதி எளிது: நூற்றில் 68 அளவுகள் சராசரியிலிருந்து ஒரு விலக்கத்துக்குள் அடங்கும், 95 அளவுகள் இரண்டு விலக்கங்களுக்குள் அடங்கும்.

இனிக் கணக்கைப் போடுவோம். ஒரு விலக்கத்துக்கு வெளியே நிற்பவை 32. வளைவு இருபுறமும் ஒத்திருப்பதால், அதில் பாதியாகிய 16 குறைவுப் பக்கத்தைச் சேரும். எனவே, மழை சராசரியில் 90 சதவிகிதத்துக்கும் குறையும் ஆண்டுகள் நூற்றுக்குப் பதினாறு. அதாவது ஆறாண்டுக்கு ஒன்று. வானிலைத் துறையின் பட்டியலில் குறைமழைக்குரிய நீண்டகால நிகழ்தகவும் 16 சதவிகிதமே. 80 சதவிகிதத்துக்கும் குறைவது நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று. 1972-இலும் 2009-இலும் அவ்வாறு நேர்ந்தது.

"ஆறாண்டுக்கு ஒன்றுதானே" என்று அலட்சியமாக இருந்துவிடலாகாது. உத்தியோக நிமித்தம் ஐந்தாண்டு இங்கே குடியிருக்கிறோம் என்று கொள்வோம். ஓராண்டு குறைமழைக்குத் தப்பும் வாய்ப்பு 0.84. ஓராண்டு மழை மற்றோராண்டைச் சாராதது எனக் கொண்டு, 0.84-ஐ ஐந்துமுறை வைத்துப் பெருக்கினால் 0.42 வரும். ஆகவே, ஐந்தாண்டில் ஒருமுறையேனும் குறைமழையைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 58!

ஆனால் இது நாட்டின் கணக்கு, குடகின் கணக்கன்று. நிலப்பரப்பு சுருங்கச் சுருங்க விலக்கம் பெருகும். 2023-இல் நாடு முழுவதற்கும் 94 சதவிகித மழை பெய்தது. ஒரு விலக்கத்துக்குள் அடங்கிய ஆண்டுதான். ஆயினும் கர்நாடகத்தின் பெரும்பாலான தாலுகாக்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. மேலும், ஒருநாள் மழைக்கு இவ்வளைவு பொருந்தாது. மழையற்ற நாட்களே மிகுதியாதலின், அங்கே மணியின் உருவம் அமைவதில்லை.

சராசரி ஆறுதல் தரும். விலக்கமே எச்சரிக்கை தரும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேமிப்பை 2009-இல் சட்டம் இந்நகரில் கட்டாயமாக்கியது. வீடு பார்க்கச் செல்லும்போது வாடகையை மட்டும் கேளாமல், கூரை மழை தொட்டியில் சேருமா என்றும் கேட்போமாக.