மீன் தொட்டியும் நுண்குமிழிகளும்

கண்ணாடித் தொட்டியில் பொன்மீன்கள் நீந்தி விளையாடுவதைக் கண்டு களிக்காதவர் யார்? ஆனால் சில வேளைகளில் அத்தொட்டியின் நீர் பால் கலந்தாற்போல் மங்கிவிடுகிறது. உற்று நோக்கினால் ஊசி முனையளவு குமிழிகள் எங்கும் மிதப்பது தெரியும். இவையே நுண்குமிழிகள். தண்ணீர் கெட்டுவிட்டதென்று எண்ணிச் சிலர் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, உடனே குழாய் நீரை நிரப்புகின்றனர். மறுநாள் மீன்கள் செத்து மிதப்பதும் உண்டு. இத்துன்பத்தைத் தவிர்ப்பது எளிது.

முதலில் சோதனை

ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டி நீரை மொண்டு 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அவை காற்றுக் குமிழிகளே. தெளியாவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கலாம். அல்லது மண் தூசி கலந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

ஏன் மேலே போவதில்லை?

பெரிய குமிழி விரைந்து மேலே சென்று உடைகிறது. சிறியது அவ்வாறன்று. ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851இல் கூறிய விதிப்படி, நுண்குமிழியின் விட்டம் பாதியானால் அதன் வேகம் கால் பங்காகும். 0.1 மி.மீ. குமிழி நொடிக்குச் சுமார் 5 மி.மீ. தான் ஏறும். 30 செ.மீ. உயரத்தைக் கடக்க அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் நீரோட்டம் அதை மீண்டும் கீழே இழுத்துவிடும்.

காரணமும் பரிகாரமும்

1. கோடையில் நீர் ஆவியாகி மட்டம் குறைகிறது. அப்போது பில்டரின் நீர் அருவிபோல் விழுந்து காற்றைக் கலக்கிறது. நீர்மட்டத்தை உயர்த்தினால் போதும். வாய்ப்பகுதியில் ஸ்பாஞ்ச் வைப்பதும் நன்று.

2. காற்றுக்கல், பில்டர் நீரை உறிஞ்சும் குழாய்க்கு அருகில் இருந்தால், உள்ளே சுழலும் சக்கரம் குமிழிகளை நறுக்கிப் பொடியாக்கும். கல்லைத் தள்ளி வையுங்கள்.

3. தொட்டிக்கு வெளியே வைக்கும் பில்டரில், உறிஞ்சும் பக்கத்து இணைப்பு தளர்ந்திருந்தால் காற்று நுழையும். அவ்விடத்தில் நீர் கசிய வேண்டுமென்பதில்லை. எனவே ஒவ்வோர் இணைப்பையும் ரப்பர் வளையத்தையும் சோதிக்க வேண்டும்.

4. புதிய ஸ்பாஞ்சில் காற்று அடைந்திருக்கும். தொட்டி நீருக்குள்ளேயே பிழிந்து, பிறகு பொருத்துங்கள்.

5. அழுத்தம் மிகுந்தால் வாயு அதிகம் கரையும் என்பது 1803இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. வெப்பம் மிகுந்தாலோ கரைவது குறையும். ஒரு லிட்டர் நீரில் 15 டிகிரியில் சுமார் 10 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியிலோ 7.5 மி.கி. தான். ஆகவே குழாய் நீர் தொட்டியில் சூடேறும்போது குமிழிகள் பிறக்கின்றன. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குளோரினும் வெளியேறிவிடும்.

அஞ்ச வேண்டுமா?

வெயிலில் நீர்ச்செடிகளின் இலைகளில் தோன்றும் முத்துக் குமிழிகள் ஒளிச்சேர்க்கையின் ஆக்சிஜனே. அவை நன்மையின் அடையாளம். நுண்குமிழிகளும் பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். ஆனால் நீரில் வாயு அளவுக்கு மீறிக் கரைந்திருந்தால், மீனின் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். கண் பிதுங்கும், துடுப்பில் குமிழி தெரியும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், அணைகளிலிருந்து வீழ்ந்த நீரால் 1960களிலும் 1970களிலும் சால்மன் மீன்கள் இந்நோயால் மடிந்தன. இவ்வறிகுறி கண்டால் காற்றுக்கல்லை நன்கு ஓடவிடுங்கள். பெரிய குமிழிகள் மிகுதியான வாயுவை வெளியேற்றிவிடும்.

முழு நீரையும் மாற்றுவது ஏன் தீது? மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சாகும். அதை மாற்றும் நற்பாக்டீரியாக்கள் பில்டரிலும் கூழாங்கற்களிலும் வாழ்கின்றன. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். திடீர் வெப்பமாற்றமும் மீனைத் தாக்கும்.

தோழியரே! வாய் திறந்து தன் துன்பத்தைச் சொல்ல இயலாத உயிரை நாம் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோம். காரணம் அறிந்த பின்பே கை வைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி