வீட்டுத் தோட்டத்தில் மஞ்சட்பூக் கொடிகள்

வீட்டுக் கொல்லையில் வளர்க்கத்தக்க மஞ்சட்பூச் செடிகள் பல உண்டு. செவ்வந்தியும் துலுக்கச் சாமந்தியும் மாலைக்கு உதவுவன. சூரியகாந்தி பார்வைக்கு நன்று. பொன்னரளி என்னும் மஞ்சள் அரளி வருஷம் முழுவதும் பூக்குமாயினும் அதன் கொட்டை கொடிய நஞ்சுடையதாகையால், சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதை வைத்தல் ஆகாது. இவையெல்லாம் பூவுக்காக மட்டுமே வளர்க்கப்படுவன. பூவையும் தந்து, அப்பூவிலிருந்தே குழம்புக்குக் காயையும் தரும் கொடிகளோ பரங்கி, பீர்க்கு, பாகல், வெள்ளரி, சாம்பற்பூசணி என்பவை. சுரையும் புடலும் இவற்றின் இனமே எனினும் அவை வெண்ணிறப் பூவுடையன. சில ஜில்லாக்களில் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணி என்றும் வழங்குவதே இங்கே பரங்கி எனப்படுகிறது.

இக்கொடிகளை வளர்க்கும் வீட்டார் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. கொடி செழித்துப் படர்கிறது. நாள்தோறும் பத்து, பதினைந்து பூக்கள் பொன்போல் மலர்கின்றன. ஆயினும் மறுநாள் யாவும் வாடி உதிர்ந்துவிடுகின்றன. ஒரு பிஞ்சேனும் நிற்கவில்லை என்பதே அது. இதைக் கண்டு, மலட்டுக் கொடியென்று வேரோடு பிடுங்கி எறிவோர் உளர். கண்ணேறு பட்டதென்று சுண்ணாம்புப் புள்ளியிட்ட சட்டியைப் பந்தலிற் கட்டித் தொங்கவிடுவோரும் உளர். அதனால் கெடுதி ஒன்றுமில்லை. உரம் போதவில்லை என எண்ணி யூரியாவைக் கை நிறைய அள்ளி இடுவோரே மிகுதியான நஷ்டத்துக்கு உள்ளாகின்றனர். பிடுங்கப்பட்ட கொடிகளிற் பெரும்பாலானவை இன்னும் ஒன்றிரண்டு வாரம் விட்டுவைத்திருந்தால் காய்த்திருக்கக் கூடியவையே.

ஆண் பூவும் பெண் பூவும்

கத்தரி, வெண்டை முதலிய செடிகளில் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே உள்ளன. பரங்கி இனத்தில் அவ்வாறில்லை. ஒரே கொடியில் ஆண் பூக்கள் வேறாகவும் பெண் பூக்கள் வேறாகவும் தோன்றுகின்றன. ஆண் பூவினின்று காய் உண்டாவதற்கு இடமே இல்லை. அது ஒரு நாள் மலர்ந்து, மகரந்தத்தைக் கொடுத்து, உதிர்ந்துபோகவே பிறந்தது. அதன் உதிர்வைக் கண்டு வருந்துவதற்கு நியாயமில்லை.

இரண்டையும் பிரித்தறிதல் எளிது. பரங்கியின் ஆண் பூ நீண்டு மெலிந்த காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கும். அதன் நடுவே மஞ்சள் தூள் படிந்த ஒற்றைத் தண்டு காணப்படும். பெண் பூவின் காம்பு குட்டையானது. இதழ்களுக்குக் கீழே கோலியளவில் உருண்ட ஒரு சிறு பிஞ்சு மலருமுன்பே அமைந்திருக்கும். உள்ளே சூல்முடி மூன்று தடித்த மடல்களாகத் தெரியும். பீர்க்கில் ஆண் பூக்கள் ஒரு காம்பிற் பல அரும்புகளாகக் கொத்தாக வரும். அதே கணுவில் பெண் பூ தனித்து நிற்கும். அதன் அடியில் வரிகளுடன் கூடிய சிறு பீர்க்கம்பிஞ்சு காணலாம். பாகலின் பெண் பூவுக்கு அடியில் முள்முள்ளான பிஞ்சும், வெள்ளரியில் மெல்லிய வெள்ளரிப் பிஞ்சும் இருக்கும். மலரை விட்டு மலரடியை நோக்கினால் எவரும் ஏமாறார்.

முதலில் ஆண் பூக்களே வருவது இக்கொடிகளின் இயல்பு. பரங்கியை விதைத்து நாற்பது நாள் கழித்துப் பூக்கத் தொடங்கினால், முதல் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆண் பூக்கள் மட்டுமே மலரும். பின்பு பெண் பூக்கள் தோன்றும்போதும், பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே அவை வருகின்றன. இவ்விகிதம் எப்போதும் ஒரே நிலையில் இராது. பகற்பொழுது நீண்டு வெப்பம் மிகுந்த காலத்தில் ஆண் பூக்கள் பெருகும். பகல் குறைந்து இரவு குளிர்ந்த காலத்தில் பெண் பூக்கள் மிகும். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினாலும் கொடியும் இலையும் ஆண் பூவுமே தழைக்கின்றன. பூ உதிர்கிறதென்று யூரியா இடுவது நோயை வளர்க்கும் வைத்தியமாவது இதனாலேதான்.

இளஞ்செடியின்மேல் எத்ரல் என்னும் மருந்தைத் தெளித்துப் பெண் பூக்களை மிகுவிக்கும் முறையும் உண்டு. பத்து லிட்டர் நீருக்கு 2.5 மில்லி லிட்டர் வீதம் கலந்து, வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை தெளிக்கும்படி கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சாகுபடியாளருக்குச் சிபாரிசு செய்கின்றனர். ஏக்கர்க் கணக்கிற் பயிரிடுவோருக்கு அது தகும். கொல்லையில் இரண்டு கொடி வைத்திருப்போர் அதற்காகக் கடைக்கு நடக்க வேண்டியதில்லை. கொடியிலுள்ள பெண் பூக்கள் வீணாகாமற் பார்த்துக்கொண்டாலே அவர்களுக்குப் போதும்.

மலரும் வேளை

பெண் பூவும் உதிர்கிறதே எனக் கேட்கலாம். மகரந்தம் சேராத பெண் பூவின் பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளித்துச் சுருங்கி விழுந்துவிடும். பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து செல்லாது. தேனீயோ வேறு பூச்சியோ சுமந்து சென்றால்தான் அது பெண் பூவைச் சேரும். அவ்வாறு சேர்வதற்கும் நெடும்பொழுது இல்லை. பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் முற்பகலிலேயே கூம்பிவிடுகிறது. மறுநாள் அது விரிவதில்லை. ஒரு பெண் பூவின் ஆயுள் முழுவதும் அந்த நான்கைந்து மணி நேரமே. பாகலும் வெள்ளரியும் காலையில் மலர்வன. பீர்க்கு மட்டும் இதற்கு மாறாக, மாலையில் வெயில் தாழ்ந்தபின் விரிந்து இரவெல்லாம் விரிந்தே நிற்கும். அதைத் தேடி வருவன அந்திப்பொழுதில் பறக்கும் அந்துப்பூச்சிகளும், வெளிச்சம் மறையுமுன் வரும் தேனீக்களுமாம். அதன் உறவான நுரைப்பீர்க்கோ காலையிலேயே மலர்கிறது.

வயல்களும் மரங்களும் சூழ்ந்த கிராமத்தில் தேனீக்களுக்குக் குறைவில்லை. அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும் மிகச் சிறிய கொசுத் தேனீயும் விடிந்ததும் பூக்களுக்கு வந்துவிடும். பட்டணத்து வீடுகளிலும், மூன்றாம் மாடி மொட்டை மாடியில் தொட்டிகளிற் பயிரிடும் இடங்களிலும் அவை அரிது. மேலும், வண்டுக்கும் அசுவினிக்கும் அஞ்சிக் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்கும் வீட்டில், இருக்கும் தேனீயும் மடிகிறது. தெளித்தே தீரவேண்டுமாயின் பூக்கள் கூம்பியபின், மாலையில் தெளிக்க வேண்டும். மாலையில் மலரும் பீர்க்குப் பந்தலுக்கு அவ்வேளையும் ஏற்றதன்று. ஐப்பசி மழைக் காலத்தில் தேனீக்கள் கூட்டை விட்டு வெளிவருவது குறையும். பூவினுள் நீர் தங்கி மகரந்தமும் கெடும். ஆடியில் விதைத்த கொடி மழைக் காலத்தில் பிஞ்சு பிடியாமல் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கையால் மகரந்தம் சேர்த்தல்

தேனீ வராத இடத்தில் அதன் வேலையை வீட்டாரே செய்துவிடலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, படிப்பும் வேண்டுவதில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒரு தடவை பார்த்தாற் செய்யும்.

முதல் நாள் மாலையிற் கொடியைச் சுற்றிப் பார்த்தால் மறுநாள் விரியவுள்ள பெண் அரும்புகள் தெரியும். அவை பருத்து, நுனி மஞ்சள் ஏறி நிற்கும். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், அன்றே மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட வேண்டும். நடுத்தண்டைப் புறங்கையில் லேசாகத் தொட்டுப் பார்த்தால் மஞ்சள் தூள் ஒட்டவேண்டும்; ஒட்டாவிடில் வேறு பூவைக் கொள்க. அத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மூன்று மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுக. ஒரு மடலில் மட்டும் தடவி விட்டுவிட்டால் காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் கோணிவிடும். வெள்ளரியில் நுனி சூம்பிப்போவதும் பெரும்பாலும் இக்குறையாலேயே. ஓர் ஆண் பூவைக் கொண்டு இரண்டு பெண் பூக்களுக்குத் தடவலாம். மழைக் குறி இருந்தால் தடவியபின் ஓர் இலையைப் பூவின்மேற் கவிழ்த்துவைத்தல் நலம். பீர்க்குக்கு இவ்வேலையை மாலை ஆறு மணியளவிற் செய்யவேண்டும். பூ சிறிதாகையால் மெல்லிய தூரிகை உதவும். மகரந்தம் ஏற்ற பிஞ்சு மூன்று நான்கு நாளில் பச்சையாகவே பருப்பதைக் கண்ணாற் காணலாம்.

கடைகளில் விற்கும் சில வெள்ளரி வீரிய விதைகள் மகரந்தமின்றியே காய்ப்பன. அவற்றுக்கு இவ்வேலை வேண்டா. விதைப் பொட்டலத்தின்மேல் அவ்விவரம் அச்சிட்டிருக்கும்.

மார்கழி மாதத்தில் வாசற்கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாருக்குப் பரங்கிப் பூ சூட்டும் வழக்கத்தால் ஒரு சேதம் நேர்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இருட்டோடு பறிக்கும்போது கைக்கு அகப்பட்ட பூவெல்லாம் கூடைக்குப் போகிறது. பெண் பூ ஒன்று போனால் ஒரு பரங்கிக்காய் போயிற்று. பறிக்கும் பெண்டிர் காம்பைத் தடவிப் பார்த்து, உருண்டை தட்டுப்படும் பூவை விட்டுவிட்டு, நீண்ட காம்புள்ள ஆண் பூக்களையே கொய்யலாம். அவற்றையும் ஒருசேரக் கொய்துவிடாமல் கொடிக்கு மூன்று நான்கேனும் நிறுத்திவைத்தல் அவசியம். ஆண் பூவை எடுப்பதனாற் காய்ப்புக்கு வேறு குறைவில்லை. வங்காளத்தார் பரங்கிப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்து உண்கின்றனர். விரும்பினால் இங்கும் செய்துபார்க்கலாம்.

விதைப்பும் பராமரிப்பும்

ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் இக்கொடிகளுக்கு ஏற்றவை. ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, மக்கிய தொழு உரம் பத்துக் கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்றுக. பதினைந்து நாளில் நல்ல நாற்று இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். இந்தக் களைதலைச் செய்ய மனம் வராமல் ஐந்தையும் வளரவிடுவோர் ஐந்திலும் காய் காணார். வெயில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் படாத இடத்தில் இவற்றை வைப்பது வீண். பரங்கியைத் தரையிலோ கூரையிலோ படரவிடலாம். பீர்க்குக்கும் பாகலுக்கும் ஆறடிப் பந்தல் வேண்டும். சிறு குடும்பத்துக்கு ஏழெட்டுக் கிலோ எடையுள்ள கோ.1 பரங்கியைவிட, ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவிற் காய்க்கும் கோ.2 வசதியானது.

முளைத்ததும் செந்நிற வண்டுகள் வித்திலைகளைத் துளைக்கும். காலைக் குளிரில் அவை மந்தமாக இருக்கும்போது கையாற் பொறுக்கிச் சோப்பு நீரிற் போட்டுவிடலாம். கந்தகத் தூளையும் தாமிரத் தூளையும் இக்குடும்பத்துச் செடிகளுக்கு இடுதல் ஆகாது, இலை கருகிவிடும்.

நன்றாகப் பிடித்து விரலளவு வளர்ந்தபின் உதிரும் பிஞ்சை அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெண்புழு இருந்தால் அது மகரந்தக் குறையன்று, பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சுகளைக் குப்பையில் எறியாமல் ஒன்றரை அடி ஆழத்திற் புதைக்க வேண்டும். எறிந்தால் புழு மண்ணிற் புகுந்து மீண்டும் ஈயாக வரும். எஞ்சிய பிஞ்சுகளைப் பழைய துணிப் பையாலோ காகிதப் பையாலோ மூடிக் காக்கலாம். பரங்கியில் இரண்டு மூன்று காய் முற்றிவரும்போது பின்னால் வரும் பெண் பூக்கள் உதிர்வதும் உண்டு. கொடி தன் பலத்துக்கு மேற்பட்டதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. பீர்க்கையும் வெள்ளரியையும் இளசாகவே பறித்துவந்தால் கொடி நெடுநாள் காய்க்கும். ஒன்றை முற்றவிட்டாற் காய்ப்புத் தளரும்.

பாகற்கொடி அருகிலிருந்தால் வெள்ளரியும் பீர்க்கும் கசக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. பாகலின் மகரந்தம் அவற்றிற் பற்றாது, அவ்வச்சம் வீண். ஆனால் வேலிகளில் தானாக வளரும் பேய்ப்பீர்க்கு நல்ல பீர்க்கோடு கலக்கும். அக்கலப்பு அவ்வருஷத்துக் காயிற் தெரியாது. அக்காயின் விதையை அடுத்த பட்டத்தில் ஊன்றினாற் கசப்புக் காயாகக் காய்க்கும். விதைக்கென விடும் பீர்க்கம்பூவை ஆகவே மாலையில் விரியுமுன்பே துணியால் மூடிவைத்து, விரிந்ததும் அதே தோட்டத்து நல்ல கொடியின் ஆண் பூவைக் கையால் தடவி, மீண்டும் மூடிக் கட்டிவிட வேண்டும். ஆண் அரும்பையும் அவ்வாறே முன்னதாக மூடிவைத்தல் நன்று. சமைக்குமுன் பீர்க்கங்காயின் ஒரு துண்டை நாவிலிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். கடுங்கசப்பாயிருந்தால் அதைத் துப்பிவிட்டு, காயை எறிந்து, அக்கொடியையும் அப்புறப்படுத்துக. அத்தகைய காய் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். அதனின்று விதை எடுத்தல் கூடாது.