ஷட்டர் காட்டும் மெய்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. காமிரா மட்டும் பொய் சொல்லாது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அது காட்டும் மெய்யும் ‘ஷட்டர்’ திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்ததே. அஃது எவ்வாறு என்று காண்போம்.

காமிராவினுள் ஒளி புகும் வழியை மூடியிருக்கும் சிறு கதவே ஷட்டர். பொத்தானை அழுத்தியதும் அது திறந்து மூடுகிறது. அதற்குள் நுழையும் ஒளியே படமாகப் பதிகிறது. காமிராவில் 60, 125, 250, 500, 1000 என எண்கள் இருக்கும். 125 என்றால் ஒரு வினாடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் என்று பொருள். எண் இரட்டித்தால் நேரம் பாதியாகும், ஒளியும் பாதியாகும். அப்போது லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். இல்லையேல் படம் இருண்டுவிடும். கைப்பேசியில் இத்தகைய கதவு இல்லாவிடினும், ஒளியை ஏற்கும் நேரம் இவ்வாறே கணக்கிடப்படுகிறது.

100 மீட்டரை 14 வினாடியில் ஓடும் மாணவி வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறாள். ஷட்டரை 60-இல் வைத்தால், அது மூடுவதற்குள் அவள் 12 செ.மீ. நகர்ந்துவிடுவாள், உருவம் கலங்கிவிடும். 1000-இல் வைத்தால் நகர்வது 7 மி.மீ. மட்டுமே, பறக்கும் பின்னலும் தெளிவாக விழும். மாறாக, காமிராவை முக்காலியில் நிறுத்தி ஒரு வினாடி திறந்து வைத்தால், அருவி நீர் வெண்பட்டுப் போல் தோன்றும்.

1838-இல் டாகேர் என்பவர் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றைப் படமெடுத்தார். அக்காலத்தில் படம் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. வண்டிகளும் மக்களும் நகர்ந்துகொண்டே இருந்ததால் அவர்களுள் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாது நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகப் பதிந்தது. பரபரப்பான வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது!

நீண்ட நேரம் உள்ளதை மறைத்தது. குறுகிய நேரமோ மறைந்திருந்ததைக் காட்டியது. ஓடும் குதிரையின் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருப்பதாகவே ஓவியர்கள் வரைந்து வந்தனர். 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் 12 காமிராக்களை வரிசையாக வைத்து, மிக விரைவான ஷட்டர்களால் ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மையே. ஆனால் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும் போதுதான் என்பது அப்போது விளங்கியது.

ஆகவே தோழியரே, இனி ஒரு படத்தைக் காணும்போது “இது எவ்வளவு நேரத்தின் படம்?” என்றும் கேட்போம். வெறுமையாகத் தோன்றும் தெருவிலும் உழைத்து நடந்தவர் பலர் இருந்திருப்பர் அன்றோ!