ரயிலில் ஏறாத ஆட்டக்காரர்

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பழைய சரித்திரம் படிப்பது என் வழக்கம். அப்படிப் படித்ததில் மனசை விட்டுப் போகாத ஒன்றை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. பக்கத்துக்குப் பதினோரு பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளி முன்னேறணும். கல்லூரி அணிகளுக்கு, கலிபோர்னியாவின் பசடேனாவில் புத்தாண்டன்று நடக்கும் 'ரோஸ் பௌல்' ஆட்டம் பெரிய கௌரவம். 1941-இல் ஒரேகான் ஸ்டேட் கல்லூரிக்கு முதல் தடவையாக அது கிடைத்தது.

டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று ராணுவம் தடுத்தது. எதிரணியான டியூக் பல்கலைக்கழகம் தன் மைதானத்தைத் தந்தது. நாட்டின் மறுகோடியில், வட கரோலினாவின் டர்ஹாமில், 1942 ஜனவரி 1-இல் ஆட்டம் நடந்தது. அதுவரை அந்தப் பருவத்தில் தோற்காத டியூக்கை ஒரேகான் 20-16 என்று வென்றது.

அந்த அணியில் ஜாக் யோஷிஹாரா என்று ஒருவர். ஜப்பானில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர். அவர் டர்ஹாமுக்குப் பயணம் போகக்கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. தோழர்கள் ரயில் ஏறினார்கள். அவர் ஊரிலேயே நின்றார். பிற்பாடு ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அப்படிப் படிப்பை இழந்த ஜப்பானிய வம்சாவளி மாணவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் 2008-இல் கௌரவப் பட்டம் அளித்தது.

நான் வியாபாரி. 20-16 என்பது சரியான கணக்குதான். ஆனால் யோஷிஹாரா அதில் வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. பிறந்த ஊரை விட்டு வந்து பிழைக்கிற நாம், பேரேட்டில் ஏறாத அந்த ஒரு பெயரை நினைவில் வைக்கணும்.