கண்ணாடி காட்டும் மேடை

பெருநாளுக்கு உடுப்பு எடுக்கப் போகும் நம் தாய்மார் முதலில் செய்வது என்ன? துணியின் ஓரத்தை விரலிடையில் வைத்துக் கசக்கிப் பார்ப்பதுதான். கண் பார்த்தது பாதி, கை அறிந்தது மீதி. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இலத்திரனியல் கருவிகளால் குறைக்க மேலைநாட்டு வர்த்தகர்கள் முயன்ற கதையை நாமும் அறிந்திருப்பது நல்லது.

ஆடை அணிவகுப்பு நெடுங்காலமாகக் கடைக்காரருக்கும் பத்திரிகையாளருக்கும் உரிய காட்சியாகவே இருந்தது. மேடையில் தோன்றிய ஆடை கடைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் செல்லும். துணி நெய்து, வெட்டி, தைத்து, கப்பலேற்ற வேண்டும் அல்லவா?

இந்தத் திரையை விலக்கியது இணையம். 2009 ஒக்டோபரில் அலெக்ஸாண்டர் மக்குயின் பாரிஸில் நடத்திய அணிவகுப்பு இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. பார்க்க முண்டியடித்தோரின் தொகையைத் தாங்காமல் இணையத்தளமே செயலிழந்தது.

2010 பெப்ரவரியில் லண்டனின் பேர்பரி நிறுவனம் தன் அணிவகுப்பைப் பாரிஸ், நியூயோர்க், டுபாய், டோக்கியோ, லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களில் முப்பரிமாணக் காட்சியாகக் காட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கடைகளுக்குள்ளேயே காட்டி, ஐபாட் மூலம் கட்டளைகளையும் பெற்றது. 2012இல் ரீஜன்ட் வீதியில் அது திறந்த கடையில் சில ஆடைகளில் சிறு சில்லு பதிக்கப்பட்டிருந்தது. அந்த ஆடையுடன் கண்ணாடி முன் நின்றால் கண்ணாடியே திரையாகி, அது மேடையில் வந்த காட்சியைக் காட்டும்!

2016 செப்டெம்பரில் இன்னொரு படி. அணிவகுப்பு முடிந்த கையோடு ஆடைகள் விற்பனைக்கு வந்தன. 'பார், உடனே வாங்கு' என்பதே மந்திரம். டொம் ஃபோர்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரும் இதே வழியில் இறங்கினார். ஆனால் மறு ஆண்டே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார். கடைகளுக்குச் சரக்கு வரும் காலமும் அணிவகுப்பு நடக்கும் காலமும் பொருந்தவில்லை என்பதே காரணம். காட்சி நொடியில் கடல் கடக்கும். துணி கடக்காது.

இதில் நமக்கு இரு பாடங்கள் உண்டு. ஆறு மாதக் காத்திருப்பில் வீண் ஆசை தானாகவே ஆறிவிடும். அந்த அவகாசம் பறிபோனால் பணப்பைதான் மெலியும். அடுத்தது, அவசரத்தின் சுமை இறுதியில் யார் தோளில் விழும்? தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவள் தோளில்தான். ஆடை ஏற்றுமதியை வெகுவாக நம்பியிருக்கும் நம் நாட்டில் அவள் அந்நியள் அல்ல. கட்டுநாயக்காவுக்கு வேலைக்குப் போன அயல்வீட்டுப் பிள்ளை.

எனவே சகோதரிகளே, திரையில் ஓர் ஆடை மனதைப் பிடித்தால் ஓர் இரவு பொறுங்கள். விடிந்த பின்னும் அது தேவை என்று தோன்றினால் வாங்குங்கள். தைத்தவளின் உழைப்புக்கு மதிப்பளித்து, பல காலம் உடுத்துங்கள்.