கம்பெனி ஓடினாலும் கடன் ஓடாது

கம்பெனிக்காரர்கள் வேன் பானெட்டில் ஒப்பந்தக் காகிதத்தை விரித்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "நகல் எங்கே?" என்றால், "கம்பெனியில பத்திரமா இருக்கு சார்" என்கிறார் இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பேனோ!

இப்படி அடுத்தவர் பேச்சை நம்பி நட்ட காட்டாமணக்கு மறந்துவிட்டதா? 2003-ல் திட்டக் குழு பயோடீசலுக்கு அதைப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோவை, திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலைக் கொல்லைகளில் அதை நட்டார்கள். தரிசிலும் காய்க்கும் என்றார்கள். தண்ணீர் விடாமல் காய்க்கவில்லை. கடலையோடு வீட்டு எண்ணெய் போயிற்று, மாட்டுக்குக் கடலைக்கொடியும் போயிற்று. காட்டாமணக்கு இலையை ஆடுகூடத் தொடாது, விதையோ விஷம். கடன் வாங்கி நட்டவருக்கு மிஞ்சியது தவணை.

இன்று எத்தனாலுக்கு மக்காச்சோளம் கேட்கிறார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்பும் துவரையும் விளைகிற கடைசித் துண்டையும் அதற்கே கொடுத்துவிடாதீர்கள். ரேஷனில் அரிசி வரும். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான்.

ஒப்பந்தம் போடுவதானால் தமிழில் எழுதி வாங்குங்கள்: விலை, எடை போடும் இடம், பணம் தரும் நாள், ஈரப்பதக் கழிவு. மக்காச்சோளத்துக்கு 14 சதவீத ஈரப்பதம் வரைதான் ஏற்பு. அதைச் சொல்லித்தான் விலையை அடிப்பார்கள். அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

அடுத்தது பதிவு. தமிழ்நாட்டில் 2019-லேயே ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். "அப்படி ஒரு சட்டமா?" என்று விழிப்பவர்களும் அங்கே இருக்கலாம். சட்டத்தைக் குறிப்பிட்டு மனுவாக எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

மூன்றாவது, யார் வயலில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் அடங்கல் ஏடு. வயலுக்கு வராமலே போன வருடப் பயிரை எழுதிவிடும் விஏஓக்கள் உண்டு. வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு எல்லாம் அந்த ஏட்டைப் பார்த்துத்தான். என்ன பயிர், எத்தனை சென்ட் என்று நேரில் போய்ச் சரிபாருங்கள்.

பணம் வராவிட்டால் டீக்கடையில் புலம்பிப் பயனில்லை. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு ஒப்பந்த நகலை இணைத்துக் கொடுங்கள். நகல் இருந்தால்தானே இணைப்பது? அதனால் மறுபடியும் சொல்கிறேன்: நகல் கைக்கு வராமல் பேனாவைத் தொடாதீர்கள்.